மூழ்காத கப்பலில் முதல் ஆளாக

நான் இட்லியைக்கூடப் பிட்டு, உள்ளே பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவேன். இதை என் மனைவி வசந்தா ஊரெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டதால், உங்களிடம் நானே சொல்லிவிடுகிறேன்.

ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் சரக்குச் சோதனைப் பிரிவில் இருந்தேன். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு போல்ட்டும், ஒவ்வொரு வாஷரும் என் கையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். கொண்டுவந்த ஆள் "எல்லாம் பர்ஃபெக்ட் சார்" என்று சிரித்தால், அந்தப் பெட்டியைத்தான் முதலில் பிரிப்பேன். ஓய்வு பெற்ற பிறகு பிரிப்பதற்குப் பெட்டிகள் இல்லை. வீட்டுக்கு வரும் பால், தபால், உறவினர் என்று கையில் கிடைத்ததையெல்லாம் சோதிக்க ஆரம்பித்தேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஜெர்மனியில் வேலை பார்க்கும் எங்கள் மாப்பிள்ளை பிரதீப் போன் செய்தார். "மாமா, டிசம்பர்ல நீங்களும் அத்தையும் வாங்க. எங்க அப்பா அம்மாவும் வராங்க. ஹம்பர்க்ல கப்பல் ஏறி நார்வே பக்கம் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

"டிசம்பர்லயா? அங்க ஐஸ் கொட்டுமே மாப்ளே."

"கொட்டும் மாமா. அப்பதான் டிக்கெட் சல்லிசா கெடைக்கும்."

எனக்கு உடனே மணி அடித்தது. சீசன் இல்லாத நேரத்தில் கடையில் மாம்பழம் மஞ்சளாக மினுக்கினால் கார்பைட் கல் வைத்துப் பழுக்கவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்காலத்தில் கப்பல் சல்லிசாகக் கிடைத்தால் என்ன அர்த்தம்? ஓட்டை. வேறென்ன?

ஆனால் வசந்தா முடிவு செய்துவிட்டாள். அந்தக் குளிர்காலத்தில்தான் வடக்கே வானத்தில் பச்சையாக ஒரு வெளிச்சம் திரைச்சீலை மாதிரி ஆடும் என்று மகள் நித்யா சொல்லியிருந்தாள். வசந்தா இருபத்திரண்டு வருடம் ஒரு கம்பெனியில், அசெம்பிளி லைனில், டியூப்லைட்டுக்குக் கீழே குனிந்து உட்கார்ந்து வேலை பார்த்தவள். விடிவதற்கு முன்னால் பஸ் ஏறுவாள், இருட்டிய பிறகு இறங்குவாள்.

"ஒரு தடவயாவது தலய நிமித்தி ஒரு வெளிச்சத்த பாக்கணுங்க" என்றாள்.

கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். (மற்றதையெல்லாம் கேட்காமலே வாங்கிக்கொள்வாள்.) சரி என்றேன்.

சம்பந்தி முனிரத்தினம், சாமல்பட்டிக்காரர். மாந்தோப்பு வைத்திருக்கிறார். யார் எதைச் சொன்னாலும் "அப்டிங்களா!" என்று வாயைத் திறந்துகொண்டு நம்புகிற மனிதர். அவரையும் அவர் மனைவி ராஜம்மாவையும் ஜாக்கிரதையாகக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்ததாக நானே நினைத்துக்கொண்டேன். யாரும் விழச் சொல்லவில்லை.

கப்பலில் ஏறிய முதல் நாளே எல்லாரையும் மூன்றாவது தளத்தில் இருந்த நாடக அரங்குக்கு வரச்சொல்லி, ஆபத்து வந்தால் லைஃப் ஜாக்கெட்டோடு இங்கேதான் கூட வேண்டும் என்று பயிற்சி கொடுத்தார்கள். மாப்பிள்ளை இதெல்லாம் வழக்கம் என்றார். எனக்கா தெரியாது? மூழ்காத கப்பலில் எதற்கு மூழ்கும் பயிற்சி? நான் ஜாக்கெட்டின் ஒவ்வொரு பக்கிளையும் மூன்று முறை போட்டுக் கழற்றிப் பார்த்தேன். அறையிலிருந்து அரங்குக்கு நூற்றுப் பதினான்கு படிகள். எண்ணி வைத்துக்கொண்டேன்.

அடுத்த சந்தேகம், எங்கள் அறையைச் சுத்தம் செய்ய வந்த சுமித்ரா. நம் நாட்டுப் பெண்மணி, நாற்பது வயதிருக்கும். எங்களிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவார். தினமும் துண்டை யானை மாதிரியும் முயல் மாதிரியும் மடித்துப் படுக்கையில் வைத்துவிட்டுப் போவார். இவ்வளவு அன்பு எதற்கு? இரண்டாம் நாள் விடை கிடைத்தது. வசந்தா கொண்டுவந்திருந்த மாங்காய் ஊறுகாய் பாட்டிலில் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. நான் பேனாவால் மட்டத்தைக் கோடு போட்டு வைத்தேன். மூன்றாம் நாள் கோட்டுக்குக் கீழே போயிருந்தது.

கப்பலில் தமிழ் ஆட்களும் வேலை பார்க்கலாம் என்பதால் இரகசியங்களை நான் வசந்தாவிடம் கன்னடத்தில்தான் பேசினேன். (ஓசூரில் இருப்பதற்கு இது ஒரு வசதி. மூன்று மொழியில் சந்தேகப்படலாம்.) சுமித்ரா கம்பளியை உதறிக்கொண்டிருக்கும்போதே, "ஈ யம்மன்ன நம்பபேட. உப்பினகாயி கள்ளி" என்று முணுமுணுத்தேன். இந்த அம்மாவை நம்பாதே, ஊறுகாய்த் திருடி. சுமித்ரா முகத்தில் ஒரு சலனமும் இல்லை. தலையணையை மட்டும் கொஞ்சம் பலமாகத் தட்டினார்.

ஐந்தாம் நாள் சூரியனே வரவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு வானம் நீலமாகக் கொஞ்சம் வெளுத்தது; ஒன்றரை மணிக்கெல்லாம் கும்மிருட்டு. இங்கே குளிர்காலம் இப்படித்தான் என்றார் மாப்பிள்ளை. சம்பந்தி, "அப்டிங்களா! மாடு எப்டிங்க கட்டுவாங்க?" என்று கேட்டார். மத்தியானம் தொட்டு எங்கள் அறையின் சுவருக்குப் பின்னால் கடகடவென்று ஒரு சத்தம் வேறு. தொழிற்சாலையில் பேரிங் போன இயந்திரம் அப்படித்தான் சத்தம் போடும்.

சாயங்காலம் நாலரை மணி இருக்கும். மகளும் மாப்பிள்ளையும் மேல்தளத்துக்குக் காபி குடிக்கப் போயிருந்தார்கள். நாங்கள் நான்கு பேரும் எங்கள் அறையில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தோம். திடீரென்று ஒலிபெருக்கி கரகரத்தது. கேப்டனின் குரல், ஜெர்மன் மொழியில், மூச்சுவாங்க. முதல் சொல்லே "ஆக்டுங்!"

எனக்கு ஜெர்மனில் தெரிந்த ஒரே சொல் அது. எங்கள் தொழிற்சாலையில் ஜெர்மனியிலிருந்து வந்த பிரஸ் இயந்திரத்தில், மண்டையோட்டுப் படத்துக்குக் கீழே, சிவப்பில் எழுதியிருக்கும். கையை விட்டால் கை போய்விடும் என்று அர்த்தம்.

கதவைத் திறந்து பார்த்தேன். நடைவழியில் ஜனம் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் குளியல் அங்கிக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடினார். ஒரு கிழவி ஒற்றைச் செருப்போடு ஓடினாள்.

"கெளம்புங்க! கப்பல் போச்சு!" என்றேன்.

"சங்கு ஊதலயே சம்மந்தி? ஆபத்துன்னா சங்கு ஊதுவோம்னு அன்னிக்கு சொன்னாங்களே" என்றார் முனிரத்தினம்.

"ஊதினா ஜனம் பயந்துரும்னு மறைக்கறாங்க!"

ஆங்கிலத்தில் அறிவிப்பு வரும்வரை காத்திருக்கலாம் என்று வசந்தா சொன்னாள். "அது வர்றதுக்குள்ள தண்ணி வந்துரும்" என்று சொல்லி ஜாக்கெட்டை அவள் தலை வழியாக மாட்டினேன். பிறகு ராஜம்மாவுக்கு, பிறகு சம்பந்திக்கு. நடைவழியில் எல்லாரும் மேலே ஓட, நான் என் மூன்று பேரையும் கீழே இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏங்க, எல்லாரும் சிரிச்சிகினே ஓடறாங்களே?" என்றாள் வசந்தா.

"அது பயத்துல வர்ற சிரிப்பு. நட!"

"மாப்ளயும் நித்யாவும்?"

"அவங்க இங்கதான் வருவாங்க. பயிற்சி எடுத்திருக்காங்க."

அரங்கில் ஒரு ஈ காக்கை இல்லை. நானூறு சிவப்பு நாற்காலிகள், நாங்கள் நான்கு பேர், ஆரஞ்சு நிறத்தில். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இத்தனை வெள்ளைக்காரர்களில் ஒருத்தருக்காவது ஒழுங்கு தெரிகிறதா? படகு இறக்கும்போது முதல் இடம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். போகவில்லை. மகளுக்குப் போட்டேன். அதுவும் போகவில்லை. பெருமை அத்தோடு போய்விட்டது.

ராஜம்மா கண்ணை மூடி குலதெய்வத்தை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சம்பந்தி மெல்ல என் முழங்கையைத் தொட்டார்.

"சம்மந்தி, போற நேரத்துல மனசுல ஒண்ணும் வெச்சிகினு போகக்கூடாது."

"என்னங்க?"

"அந்த ஊறுகாய்... அது நான்தாங்க. ரெண்டு ரூமுக்கும் நடுவுல கதவு இருக்குதில்ல, நீங்க இல்லாதப்ப வந்து நக்கிகினு போயிட்டேன். மன்னிச்சிருங்க."

ராஜம்மா கண்ணைத் திறந்தார். கப்பல் மூழ்குவதை அந்த நிமிடமே மறந்துவிட்டார். "பிரசர் மாத்தர போட்டுகினு ஊறுகாயா தின்ன? டாக்டரு உப்பே ஆவாதுன்னு சொன்னாரா இல்லியா? ஊருக்கு வா, உன்ன வெச்சிக்கறேன்!"

"ஊருக்கு எங்கடி போறது?" என்று சம்பந்தி அழுகிற குரலில் சொன்னார்.

அப்போது அரங்கின் கதவு திறந்தது. கையில் துண்டுகளோடு சுமித்ரா. எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றார். நான் எழுந்து, "மேடம்! போட்! போட்! ஃபோர் பெர்சன்ஸ்!" என்று கத்தினேன்.

அவர் பக்கத்தில் வந்து, துண்டுகளை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு, நிதானமாக, சுத்தமான கன்னடத்தில் கேட்டார்: "ஏனு சார், இல்லி யாக்கெ கூத்கொண்டிதீரா?" என்ன சார், இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்?

ஊறுகாய்த் திருடி என்று முணுமுணுத்தது நினைவுக்கு வந்தது. "நீங்க... நீவு கன்னடவா?"

"கார்வார் சார், கர்நாடகா." பிறகு அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன். கப்பல் மூழ்கவில்லை. மேலே வானத்தில் அந்தப் பச்சை வெளிச்சம் வந்திருக்கிறது. கேப்டன் எல்லாரையும் ஓடிவந்து பார்க்கச் சொன்னார். 'ஆக்டுங்' என்றால் 'கவனியுங்கள்' என்றுதான் அர்த்தமாம். கடைசியாக ஒரு வரியைக் கன்னடத்திலேயே தருவதுதான் மரியாதை: "நிம்ம உப்பினகாயி நானு முட்டில்ல சார்."

உங்கள் ஊறுகாயை நான் தொடவில்லை.

அதற்குள் வசந்தா ஓட ஆரம்பித்திருந்தாள். முட்டி வலிக்காரி, ஜாக்கெட்டோடு, கைப்பிடியைப் பிடிக்காமல், எட்டுத் தளம் ஏறினாள். நாங்கள் பின்னால் இரைத்துக்கொண்டு போனோம். மேல்தளத்துக் கதவைத் தள்ளியபோது குளிர் முகத்தில் அறைந்தது. ஜனம் போனைப் பார்த்துச் சிரித்தபடி எங்களுக்கு எதிராக உள்ளே வந்துகொண்டிருந்தது. வானத்தில் மேகம் மூடிக்கொண்டிருந்தது. மூலையில் ஒரு சாம்பல் கோடு மாதிரி ஏதோ இருந்தது. அதுவா, புகையா, தெரியவில்லை. அதுவும் போய்விட்டது.

நித்யா ஓடிவந்தாள். "எங்கம்மா போனீங்க? ரூமெல்லாம் தேடினோம்! இருபது நிமிசம் ஆடுச்சும்மா! அதென்ன ஜாக்கெட்டு?"

மாப்பிள்ளை போனை நீட்டினார். "அத்தை, வீடியோ எடுத்திருக்கேன், பாருங்க."

வசந்தா அதை வாங்கவில்லை. "போன்ல பாக்கறதுக்கு ஓசூர்லயே பாத்திருப்பனே மாப்ளே" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லியிருக்கலாம்.

அதன் பிறகு ஐந்து நாட்களும் மேகம்தான். மூன்று மணிக்கெல்லாம் கம்பளியைச் சுற்றிக்கொண்டு தளத்தில் போய் நின்று அண்ணாந்து பார்ப்பாள். நான் பக்கத்தில் போய் நிற்பேன். அவள் நான்கு அடி நகர்ந்துகொள்வாள். என்னோடு பேச வேண்டியதையெல்லாம் ராஜம்மாவிடம் பேசினாள். "அவருகிட்ட மாத்தர போடச் சொல்லு." "சரிங்கக்கா. அண்ணா, மாத்தர போடுங்க." சுமித்ராவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். மிச்சம் இருந்த ஊறுகாயை பாட்டிலோடு கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, பேனாக் கோட்டை ஒரு முறை பார்த்துவிட்டு, சிரித்தார். அன்று எங்கள் படுக்கையில் யானையும் இல்லை, முயலும் இல்லை; வெறும் துண்டுதான்.

வசந்தா என்னிடம் நேராகப் பேசியது ஓசூர் வந்து எட்டாவது நாள். "வர்ற டிசம்பர்ல மறுபடி போறோம். நானு, ராஜம்மா, சம்மந்தி."

"நானு?"

"நீங்க வீட்ட பாத்துக்கங்க. திருடன் வருவான்."

போனார்கள். பார்த்தார்கள். மார்கழிக் குளிரில் நான் தனியாகக் கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. காற்றுச் சத்தம்தான் முதலில் கேட்டது. "ஏங்க..." என்றாள். மூக்கை உறிஞ்சினாள். நானும் ஒன்றும் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக எதையும் சோதித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் சம்பந்தி முனிரத்தினம் கதை சொல்வதில் கெட்டிக்காரர் என்பது எங்கள் யாருக்கும் தெரியாமல் இருந்துவிட்டது. சாமல்பட்டி ரயில் நிலையத்திலிருந்து ஊத்தங்கரை சந்தை வரைக்கும் சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் எனக்கு இப்போது 'ஜாக்கெட் சம்மந்தி' என்று பெயர்.

போன ஆவணியில் அவர் தம்பி வீட்டுப் புதுமனை புகுவிழா. பந்தியில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒரு அம்மா பக்கத்தில் வந்து நின்று, மடித்து வைத்த பச்சைத் துணி ஒன்றை என் இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அண்ணா, ஜாக்கெட் சம்மந்தி நீங்கதானே? அளவு ஜாக்கெட்டு உள்ளாறவே வெச்சிருக்கறேன். கழுத்து மட்டும் கொஞ்சம் எறக்கம். தீவாளிக்குள்ள தெச்சுக் குடுத்துருவீங்களா?"

நிமிர்ந்து பார்த்தேன். அந்த அம்மா முகத்தில் சிரிப்பே இல்லை. எதிர் வரிசையில் சம்பந்தி காபியை மிக மும்முரமாகக் குடித்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. பக்கத்தில் வசந்தா, துணியைத் தொட்டுப் பார்த்து, "தெச்சுக் குடுத்துருவாருங்க, முன்னாடியே மாட்டியும் விட்டுருவாரு" என்றாள்.

அந்த அம்மா விவரம் தெரியாமல் கேட்டாரா, சம்பந்தி ஏவிவிட்டுக் கேட்டாரா என்பது இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். துணி இன்னும் எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. வாங்கிப்போக யாரும் வரவில்லை.