வட்ட ஜன்னல்

என் மனைவியின் பல்லில் கோளாறு கண்டுபிடித்தே தீருவது என்று முடிவு செய்தேன். விளையாட்டு இல்லை. இது என் அக்கா சம்பந்தப்பட்ட விஷயம்.

சின்ன வயதில் நான் காய்ச்சலில் கிடந்தபோது அக்கா ஒரு கதைப் புத்தகம் படித்துக் காட்டுவாள். அதிலும் ஒரு சிறுமி நோயில் கிடப்பாள். மாடி அறை, வட்ட ஜன்னல், வெளியே ரயில் சிக்னல். சிவப்பு பச்சையானால் உடம்பு தேறிவிடும் என்று நம்பிக்கொண்டு அதையே பார்த்துக் கிடப்பாள். அந்த இடம் வந்ததும் அக்கா புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இப்ப என்ன கலர்?" என்பாள். நான் "பச்சை" என்று கத்த வேண்டும். "பெரியவங்க ஆனதும் அந்த ஜன்னலைப் பார்க்கப் போலாம்டா" என்பாள். எனக்குக் காய்ச்சல் விட்டது. அடுத்த வருஷம் வேறொரு காய்ச்சல் அக்காவைக் கொண்டுபோய்விட்டது.

போன வாரம் பேப்பரில் போட்டிருந்தான். கதையை எழுதியவர் வளர்ந்த வீடு, அதே ஜன்னலோடு, எங்கள் ஊரிலேயே இருக்கிறதாம். இப்போது அது பல் ஆஸ்பத்திரி.

நான் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்த கையோடு ஓடினேன். வாசல் மேஜையில் இருந்த அம்மாள் என் கிரீஸ் கையைப் பார்த்தார்.

"பேஷண்டா?"

"இல்லம்மா. ஜன்னல் பார்க்க வந்தேன்."

"ரிப்பேரா? யாரும் சொல்லலையே."

"ரிப்பேர் இல்ல. சும்மா பார்க்கணும்."

"பேஷண்டும் கூட வர்றவங்களும்தான் மேல போலாம்."

மறைப்பானேன்? என் வலது கடைவாய்ப் பல் மாசக்கணக்காக உயிரை வாங்குகிறது. பேஷண்டாகப் போக எனக்குத் தகுதி இருந்தது, தைரியம் இல்லை. உச்சி மாடியில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவன்தான். பல் டாக்டரின் குறடு நினைவுக்கு வந்தாலே குலை நடுங்கும். வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடாமல் இடது பக்கமாகவே மென்று காலத்தைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஆகவே பேஷண்ட் மனைவி, கூட வருகிறவன் நான்.

அன்று சாயங்காலம் அவள் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் பல்லு ஏன் இப்படி இருக்கு?"

"எப்படி இருக்கு?"

"ஒரு மாதிரி இருக்கு."

"கல்யாணம் ஆனதிலேருந்து இதே பல்லைத்தான் காட்டிட்டிருக்கேன். இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?"

"விட்டா ஈறு வரைக்கும் போயிடும். நல்ல டாக்டர் இருக்கார். நானே கூட வரேன்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்களே கூட வரீங்களா?"

"கட்டின பொண்டாட்டிக்கு இதுகூடச் செய்ய மாட்டேனா?"

"சரி, போலாம். நானே போன் பண்ணி நேரம் வாங்கிடறேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

அவள் இவ்வளவு சுலபமாக எதற்கும் சரி சொன்னதில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே! அக்கா போட்டோவுக்கு முன்னால் நின்று "நாளைக்குப் போறோம்" என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் மாடிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். சுற்றிலும் வெறும் சுவர். நர்ஸிடம் விசாரித்தேன்.

"வட்ட ஜன்னலா? அது உள் ரூம்ல இருக்கு சார். நாற்காலில சாஞ்சாத்தான் தெரியும். கூட வந்தவங்க இங்கயேதான் இருக்கணும்."

கதவு திறந்தது.

"லிஃப்ட் மெக்கானிக் சார், உள்ள வாங்க!"

மனைவி அசையவில்லை.

"உன்னைத்தான் கூப்பிடறாங்க, போ."

"நான் எப்ப லிஃப்ட் மெக்கானிக் ஆனேன்?"

"அடிப்பாவி!"

"ஒரு பக்கமா மென்னா எனக்குத் தெரியாதா? தூக்கத்துல கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு முனகறீங்க. நீங்களா சொல்வீங்கன்னு எவ்வளவு நாள் பார்க்கறது?"

"எழுந்திரு, வீட்டுக்குப் போலாம்."

"போலாமே. ஜன்னலைப் பார்க்காமயே போலாம்."

"ஜன்னலா? எந்த ஜன்னல்?"

"பேப்பரை மடிச்சுத் தலகாணிக்கு அடியில வெச்சா ஆச்சா? உறை மாத்தறது யாரு? அந்தக் கதையையும் நான் எப்பவோ படிச்சாச்சு."

கதவைப் பார்த்தேன். உள்ளே போனால் பல் போகும். போகாவிட்டால் அக்காவுக்குக் கொடுத்த வார்த்தை போகும். எழுந்து போனேன்.

நாற்காலியைச் சாய்த்தார்கள். எதிரே வட்ட ஜன்னல் இருந்தது. வெளியே சிக்னல், சிவப்பு. டாக்டர் குறட்டோடு பக்கத்தில் நின்றார். ஆனால் தொடவில்லை. அவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் குறடு மறந்துபோயிற்று. அக்காவின் விரல்தான் கண் முன்னால் நின்றது. தூரத்தில் ரயில் கூவியது. விளக்கு மாறியது.

"பச்சை" என்றேன், சத்தமாகவே. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிவிட்டது.

"இன்னும் தொடவே இல்லையே சார், அதுக்குள்ள அழறீங்க?"

"ஏன் டாக்டர் இவ்வளவு நேரம் சும்மா நின்னீங்க?"

"உங்க வீட்டம்மா உத்தரவு. பச்சை விழற வரைக்கும் கை வைக்கக் கூடாதுன்னு போன்லயே சொல்லிட்டாங்க. இப்ப வாயைத் திறங்க."

பல்லைப் பறிகொடுத்து வெளியே வந்தேன். அவளைத் திட்டவும் தோன்றியது, கையைப் பிடித்துக்கொண்டு அழவும் தோன்றியது. வாய் நிறையப் பஞ்சு.

"ஒண்ணும் பேசாதீங்க. பஞ்சைக் கடிச்சுக்குங்க" என்று கைத்தாங்கலாகப் படி இறக்கினாள். "இன்னும் ரெண்டு பல்லு சொத்தையாம். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கார்."

தலையைப் பலமாக இடமும் வலமும் ஆட்டினேன்.

"வேணாமா? சரி, விடுங்க. பக்கத்து ரூம்ல இன்னொரு ஜன்னல் இருக்காம். கடைசியில அந்தப் பொண்ணு எழுந்து நின்னு ரயிலுக்குக் கை காட்டுவாளே, அது அங்கேருந்துதானாம்."

தலையை மேலும் கீழும் ஆட்டினேன்.