மேல்நோக்கி வாய் வைத்த கூடுகள்

நெடுங்கிளை நாட்டில் பறவைகள்தான் குடிமக்கள். அங்கே தேர்தல்கள் ஒழுங்காக நடக்கும். தேர்தலுக்குப் பிறகு நடப்பவற்றுக்கு யாரும் பொறுப்பில்லை.

அந்நாட்டு வான்படையில் வல்லூறு வயிரநகன் பெயர்பெற்ற வீரர். ஆற்றுக்கு அப்பாலிருந்து படையெடுத்து வந்த பருந்துகளில் ஐந்தை ஒரே பகலில் வீழ்த்தியவர். அந்த வீரம் பொய்யில்லை; பார்த்தவர்கள் உண்டு. அரசு அவர் காலில் ஐந்து வெள்ளி வளையங்களைப் பூட்டியது. வளையம் பூண்டவர் பேசும்போது மற்றவர்கள் தலைகுனிந்து கேட்க வேண்டும் என்பது நாட்டு வழக்கம்.

ஓய்வுபெற்றதும் அவர் தேர்தலில் நின்று வென்று, கூடுகள் துறை அமைச்சரானார். அவருடைய முதல் ஆணை: "எல்லாக் கூடுகளுக்கும் வாய் மேல்நோக்கியே இருக்க வேண்டும். வானிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியாத கூடு, பாதுகாப்புக்கு ஆபத்து."

காகத்துக்கும் புறாவுக்கும் இதில் சிரமமில்லை. தூக்கணாங்குருவிகள்தான் வாசலைக் கீழே வைத்துக் கட்டிப் பழகியவை. பனையில் கூடு கட்டி, மூன்று முட்டைகளோடு இருந்த செம்பாயியையும் அவள் கணவன் நாரப்பனையும் கூட்டைப் பிரித்துத் திருப்பிக் கட்ட வைத்தார் ஆய்வாளர் மைனா.

"ஐயா, மேல வாசல் வெச்சா மழை உள்ள வராதுங்களா?" என்றான் நாரப்பன்.

"மழை வானிலைத் துறைப்பா. நாங்க கூடு துறை."

மழை வந்தது. ஒரு முட்டை ஊறிக் கெட்டது. எனவே இரண்டாவது ஆணை: கூட்டுக்கு மூடி கட்டாயம். தேக்கிலையில் மூடி செய்து விற்கும் உரிமை கரிச்சிறகன் என்ற காகத்துக்கு மட்டும். மூடி போட்டதும் வானிலிருந்து உள்ளே தெரியவில்லை. எனவே மூன்றாவது ஆணை: ஆய்வு நேரத்தில் மூடி திறந்திருக்க வேண்டும். அமைச்சர் எப்போது பறந்து வருவார் என்று சொல்ல முடியாததால், பகல் முழுவதும் ஆய்வு நேரம். இரண்டாவது முட்டையும் போயிற்று.

செம்பாயி மனுவோடு அமைச்சர் இல்லத்துக்குப் போனாள். ஆலமரத்தில் ஏழடுக்கு மாளிகை ஒன்று தொங்கியது. நேர்த்தியான பின்னல். வாசல் கீழே. உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை.

"யாருங்க பின்னுனது?" என்று காவலுக்கு நின்ற கொண்டலாத்தியிடம் கேட்டாள்.

"வாசலைக் கீழ வெச்சாங்கன்னு ஜெயில்ல போட்டாங்கல்ல, உங்க ஆளுங்கதாம்மா. செலவு கரிச்சிறகனோடது."

"மூடி விக்கிற காகமா?"

"விக்கிறதெல்லாம் அங்க. இங்க அன்பளிப்பு."

செம்பாயி அதைப் பனங்காடு முழுக்கச் சொன்னாள். பேச்சு பரவி அமைச்சர் மீது வழக்கு வந்தது; விசாரணை மூன்றே நாளில் முடிந்தது. அந்நாட்டு வரலாற்றில் அது ஓர் அதிசயம். "நாட்டுக்காகப் பருந்தின் நகத்தைத் தாங்கியவன் நான்" என்று வயிரநகன் வளையங்களை ஆட்டிக் காட்டினார். நீதிபதி ஆந்தை வழக்கப்படி தலைகுனிந்தார். குனிந்த இடத்தில் காகம் எழுதிய கடிதம் இருந்தது: "மூடி ஆணை கிடைத்தது. நன்றி. மாளிகை தயார்." எட்டாண்டுச் சிறை. நாடே மகிழ்ந்தது.

மறுநாள் செம்பாயி புதிய அமைச்சரான கொக்கிடம் போனாள்.

"அந்த ஆணைங்களை ரத்து பண்ணிடுவீங்கல்ல?"

"ஊழல் செய்தவர் உள்ளே இருக்கிறார். ஆணைகள் என்ன குற்றம் செய்தன?" என்றார் கொக்கு. "காகம் உண்மையைச் சொல்லிச் சாட்சியளித்தது. மூடி உரிமை அதனிடமே இருக்கும்."

வீடு திரும்பியவள் கணவனிடம் சொன்னாள்: "இருக்கிறது ஒரே முட்டை. கூட்டைக் கவுத்துக் கட்டுய்யா."

"புடிச்சுட்டுப் போயிருவாங்களே."

"எங்க கொண்டு போவாங்க? பழைய ஜெயில் நெறஞ்சு போச்சுன்னு அந்த மாளிகையைத்தான ஜெயிலாக்கி வெச்சிருக்காங்க."

 நாரப்பன் நாரைப் பிரிக்கத் தொடங்கினான்.

ஆய்வாளர் மைனா வந்து இருவரையும் கைது செய்தார். கூடும் முட்டையும் வழக்கின் சான்றுப்பொருள் என்பதால், நனையாமல் கொண்டு போகச் சட்டம் கட்டளையிட்டது. சிறை மாளிகையின் மூன்றாம் அடுக்கில் குஞ்சு பொரித்தது. ஏழாம் அடுக்குக் கைதி வயிரநகன் வாழ்த்துச் சொல்லி அனுப்பினார்.

அந்த வாரம் பனங்காட்டில் பாதிப் பேர் கூட்டைக் கவிழ்த்துவிட்டு, கைதாவதற்காக மைனாவின் முன் வரிசையில் நின்றார்கள். குற்றங்கள் பெருகுவதாக அரசு கவலை தெரிவித்தது. மைனா சிறைப் பதிவேட்டைத் திறந்து புதிய கைதியைப் பற்றி எழுதினார்: பெயர், இன்னும் வைக்கவில்லை. வயது, ஒரு நாள். குற்றம், நனையாதது.