ஜோசிமாரின் இடது புருவம்

உலக நாகரிகம் எதன்மேல் நிற்கிறது என்று பலரும் பலவிதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். ரெசிஃபி நகரத்தைப் பொறுத்தவரை அது ஜோசிமாரின் இடது புருவத்தின்மேல்தான் நின்றது.

மதுக்கடை மூலையில் ஜிகினாச் சட்டை போட்ட ஒருவன் 'விட்டுப் போனாயே' என்று உருகினால் அது 'ப்ரேகா'; படித்தவர்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டிய மட்ட ரகம். அதே சட்டையில், அதே பாட்டை மேடைப் பாடகர் ஜோசிமார் பாடி, கண்ணீர் வரும் இடத்தில் நக்கலாகப் புருவத்தை லேசாகத் தூக்கினால் அது 'விமர்சனக் கலை'. பேராசிரியர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நகர ரசனை மேம்பாட்டுக் கழகம் கூடி, காபி குடித்து, அவரை 'நல்ல ரசனையின் காவலர்' என்று ஏகமனதாகத் தீர்மானித்தது.

காவலருக்குச் சோதனை வீட்டில் வந்தது. மாமியார் தோனா நெய்டே தன் கேஸ் சிலிண்டருக்கு ஆசை ஆசையாகப் பின்னிப் போட்டிருந்த ரோஜா நிறக் குரோஷா நூல் பாவாடையை ஜோசிமார் நக்கல் பாட்டாக்கிவிட்டார். ஊரே சிரித்தது. மனைவி ஜுரேமா மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

'கலைக்குத் தியாகம் தேவை' என்று பேட்டி கொடுத்தார். கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. அவள் இல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மனைவி கோபித்துக்கொண்டு போனால் ரெசிஃபியில் செய்ய வேண்டியது ஒன்றே. ஒலிபெருக்கி கட்டிய சேதிக் காரை அமர்த்தி, அவள் வாசலில் பாட்டுப் போட்டு, பட்டாசு வெடித்து, கரடி பொம்மை நீட்டி, ஊரைக் கூட்டி மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்தக் காரையும் நக்கலடித்துப் பாடியவர்தான் ஜோசிமார். இப்போது அதில்தான் போய் இறங்கினார்.

"கரடி பொம்மையை இறுக்கிக் கட்டிப் பிடிங்கண்ணே. முட்டி போட்டாத்தான் எடுபடும்" என்றான் கார்க்காரன் கில்வன்.

தெரு திரண்டது. காவலரின் புது நிகழ்ச்சி என்று கேள்விப்பட்டு, கழகத் தலைவர் டாக்டர் அல்வரெங்கா முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஜுரேமா வாசலுக்கு வந்தாள்.

"நீ இல்லாம முடியல ஜுரேமா..."

மைக்கில் குரல் நிஜமாகவே கம்மியது. ஆனால் தொழில் பழக்கம் யாரை விட்டது? புருவம் தானாக ஏறியது. தெரு கொல்லென்று சிரித்தது.

"பாத்தியா? அழும்போதுகூட ஊரைப் பாத்துதான் அழற!" அவள் கதவைச் சாத்தப் போனாள்.

"ஐயோ, நெஜமாத்தான் சொல்றேன்டி! இந்தப் புருவம் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது!"

மாமியார் உள்ளே போனார். சிலிண்டரின் பாவாடையை உருவிக்கொண்டு வந்து, மாப்பிள்ளையின் தலையில் மூக்குவரை இறக்கிவிட்டார்.

"இப்பப் பாடுங்க மாப்பிள்ளை. புருவம் யாருக்கும் தெரியாது, யாரு சிரிக்கிறான்னு உங்களுக்கும் தெரியாது."

பாடினார். அதே மதுக்கடைப் பாட்டுதான். சுருதி விலகியது, நடுவில் விம்மலும் வந்தது. கில்வன் பட்டாசைப் பற்றவைக்க மறந்து மூக்கை உறிஞ்சினான். ஜுரேமா படியிறங்கி வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"போதும், உள்ள வா. அம்மா பின்னினதைக் கிழிச்சுடாத."

டாக்டர் அல்வரெங்காவுக்கும் கண்ணில் நீர் முட்டி நின்றது. ஆனால் கைக்குட்டையை எடுக்கவில்லை. இடமும் வலமும் பார்த்துவிட்டு, கில்வன் காதில் மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, புருவம் தெரியலையே... இப்ப நாங்க சிரிக்கணுமா, அழணுமா?"