எறும்புதின்னியும் பொட்டு வைத்த கேபிளும்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்று ஆரம்பிக்கத்தான் எனக்கும் ஆசை. நம் பக்கத்துக் காட்டில் சிங்கத்துக்கு எங்கே போவது? அதனால் பெரியநாயகி என்கிற யானைதான் அங்கே தலைவி. கதை என்றால் நரி வருமே என்பீர்கள். நரி மெடிக்கல் லீவில் இருந்தது. அதன் வேலையையும் சேர்த்துக் கருங்குரங்கு பார்த்துக்கொண்டிருந்தது. காட்டு ஆபீசுக்குச் செயலாளரும் அதுதான், பூசாரியும் அதுதான்.

அந்தக் காட்டில் செதிலாண்டி என்று ஓர் எறும்புதின்னி. பரம சாது. பக்கத்தில் யாராவது தும்மினால்கூட உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். அதுவே அதற்கு வம்பாகப் போயிற்று.

ஒருநாள் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. கருங்குரங்கு தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்தது.

"காட்டில் வைத்த கேமராக்களில் எல்லா மிருகங்களும் பதிவாகியுள்ளன. எறும்புதின்னி மட்டும் காணப்படவில்லை. பதினேழு படங்களில் பலாப்பழம் காணப்படுகிறது. ஆகவே, எறும்புதின்னி வரும் இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இணையம் வழியாக முகம் காட்டி, தான் இருப்பதை நிரூபிக்க வேண்டும். தவறினால் அற்றுப்போன இனமாகக் கருதப்படும். அதன் வளை வேறொருவருக்கு ஒதுக்கப்படும்."

"ஐயையோ, அது பலாப்பழம் இல்லைங்க, நான்தாங்க!" என்று அலறியது செதிலாண்டி.

"எங்கிட்ட கத்தி என்ன பிரயோஜனம்? அங்க போய்ச் சொல்லு" என்றது கருங்குரங்கு.

"அங்க சொல்றதுக்கு நெட்டு வேணுமே!"

காட்டில் நெட்டு கிடையாது. டவுனுக்குப் போகலாம் என்றால் ரோட்டில் லாரி, லாரிக்குத் தப்பினால் தெருநாய். மறுநாளே முள்ளம்பன்றி ஒரு டேப்போடு வந்து செதிலாண்டியின் வளையை அளக்க ஆரம்பித்துவிட்டது. "தப்பா நெனைக்காத மாப்ள, சும்மா அகலம் பாத்து வெச்சுக்கறேன்" என்றது. 

செதிலாண்டி நேரே பெரியநாயகியின் காலில் விழுந்தது. பெரியநாயகிக்கு மனசு இளகியது. நல்லவள்தான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எதையும் முறைப்படி செய்ய வேண்டும் என்பாள், அவ்வளவுதான். உடனே ரோட்டோரத்திலிருந்து ஒரு தூக்கணாங்குருவியை வரவழைத்தாள். ஒரு டெலிபோன் ஆபீஸ் ஜன்னலில் கூடு கட்டியிருந்து, உள்ளே ஆட்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்தே ஃபைபர் ஒட்டும் வேலையைக் கற்றுக்கொண்ட குருவி அது.

சாமான் தேர்ந்தெடுக்கக் கூட்டம் போட்டார்கள். ஆபீஸ் மரத்தில் கேமரா வைத்த கம்ப்யூட்டர் ஒன்று ஏற்கெனவே சும்மா கிடந்தது. அதற்கு முதலில் கரண்ட். குருவி சோலார் பேனல், இன்வெர்ட்டர், மூன்று தினுசு பேட்டரி என்று எதிரே வைத்து, "எத்தனை மணி நேரம் தாங்கும்னு இதுல எழுதியிருக்கும்மா" என்று ஆரம்பித்தது. பெரியநாயகி ஒவ்வொன்றாகத் தும்பிக்கையால் தூக்கிப் பார்த்தாள். "இதுதான் நல்ல கனம். கனமா இருந்தா பழுதாகாது" என்றாள். பேட்டரி முடிவாகிவிட்டது.

அடுத்து மோடம். நாலு ஆன்டெனா நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துக் காட்டெருமைக்கு மூக்கின் மேல் கோபம். "எனக்கே ரெண்டு கொம்புதான். இந்தத் தம்மாத்தூண்டு டப்பாவுக்கு நாலா?" என்று குதித்தது. சரி, வம்பு எதற்கென்று ரெண்டு கொம்பு வைத்த மோடத்தை எடுத்தார்கள்.

கேபிளில்தான் குருவி பிடிவாதமாக நின்றது. "பெருச்சாளி கடிக்கும்மா. மேல இரும்புத் தகடு சுத்தின கேபிள்தான் வேணும்." செதிலாண்டி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னை மாதிரியே செதில் போட்டிருக்கு!" என்று பூரித்துப்போயிற்று. ஆனால் குருவி தோலை உரித்து உள்ளே இருந்த இழையைக் காட்டியதும் பெரியநாயகிக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"என்ன தம்பி, முடி மாதிரி இருக்கு? இதுக்குள்ள என்னத்தப்பா போகும்?"

"வெளிச்சம் போகும்மா. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்."

"தெரியாத வெளிச்சமா?" கருங்குரங்கு நக்கலாகச் சிரித்தது. "நல்லாத்தான் கதை விடுற."

ரோட்டிலிருந்து ஆபீஸ் மரம் வரைக்கும் மூன்று கிலோமீட்டர். பள்ளம் தோண்ட வேறு யாரையும் தேடவில்லை, செதிலாண்டியே இறங்கிவிட்டது. உயிர்ப்பயம் வந்தால் நகம் என்ன வேகம் போகும் என்கிறீர்கள்! நடுவில் கறையான் புற்று வந்தால் ஒரு வாய் சாப்பிடும், மறுபடி தோண்டும். பன்னிரண்டு நாளில் கேபிள் மண்ணுக்குள் இறங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை நாலு மணி வாக்கில் குருவி மீட்டரை வைத்துப் பார்த்தது. ரோட்டிலிருந்து வெளிச்சம் பிரமாதமாக வந்துகொண்டிருந்தது. "இந்த முனையை மோடத்துல சொருகினா வேலை முடிஞ்சுதும்மா. அதை நீங்களே உங்க கையால செய்யுங்க. ஒண்ணு மட்டும், முனையை யாரும் தொடக்கூடாது. ஒரு தூசி பட்டாலும் போச்சு" என்று சொல்லிவிட்டு, பேனலைத் துடைக்க மரத்துக்கு மேலே பறந்தது.

அந்த ரெண்டு நிமிஷம் போதாதா?

புதுச் சாமானைச் சும்மாவா ஓட்டுவார்கள்? கருங்குரங்கு தட்டோடு வந்து நின்றது. இன்வெர்ட்டருக்கு விபூதிப் பட்டை. பேட்டரிக்கு அடியில் எலுமிச்சம்பழம். மோடத்தின் ரெண்டு கொம்புக்கும் பூ. கடைசியில் கேபிளைக் கையில் எடுத்தது. நுனியைப் பார்த்தது. சந்தனத்தைக் குழைத்து, அதன் மேல் குங்குமத்தை வைத்து, சரியாக முனையிலேயே கொழுக்கென்று ஒரு பொட்டு. பெரியநாயகி கண்ணை மூடிக் கும்பிட்டு அதை மோடத்தில் சொருகினாள்.

மோடத்தில் பளிச்சென்று சிவப்பு விளக்கு எரிந்தது.

"பாத்தியா! குங்குமம் வெச்ச உடனே செகப்பா எரியுது!" கருங்குரங்குக்குப் புல்லரித்துவிட்டது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

குருவி கீழே வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டது. "அடக் கடவுளே! அம்மா, அது நல்ல விளக்கு இல்லம்மா. லைன் வரலேன்னு அர்த்தம். பச்சையா எரியணும். முனையில பொட்டு அடைச்சிருக்கு, ஸ்பிரிட் துணியால ஒரு துடை துடைச்சிடறேன்."

பெரியநாயகியின் காது ரெண்டும் விறைத்துக்கொண்டு நின்றன. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா பொட்டை அழிக்கிறதா? என்ன பேச்சு பேசுற?"

"சரிம்மா, அழிக்க வேணாம். முனையை வெட்டிட்டு வேற முனை போட்டுடறேன்."

"முடி மாதிரிதானே இருக்கு அது? வெள்ளிக்கிழமை யாராவது முடி வெட்டுவாங்களா? எல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்கு நான் இருக்க மாட்டேனே தாயி!" செதிலாண்டி கதறியது. "மணி நாலரை ஆச்சு. அஞ்சு மணிக்கு மேல நான் அத்துப்போன இனம்! பொட்டு இருக்கணுமா, நான் இருக்கணுமா?"

பெரியநாயகிக்குக் கண் கலங்கியது. "நீயும் இருக்கணும்தான் சாமி. அதுக்காகப் பொட்டை அழிக்கச் சொல்லி என் வாயால எப்படிச் சொல்லுவேன்?"

தூரத்தில் முள்ளம்பன்றி மூட்டை முடிச்சோடு வளை வாசலில் வந்து உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் செதிலாண்டிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அது பயத்தை மறந்தது. கேபிளைப் பிடுங்கியது. முழ நீள நாக்கை நீட்டி முனையை ஒரே நக்கு.

"அடப்பாவி!" என்று கூவியது கருங்குரங்கு. "பொட்டை அழிச்சுட்டான்!"

"அழிக்கல சாமி. பிரசாதமா எடுத்துக்கிட்டேன்."

பிரசாதத்தை எடுத்துக்கொண்டது தப்பு என்று பூசாரி எந்த வாயால் சொல்லும்?  பெரியநாயகியோ முகத்தைச் சுளித்துக்கொண்டு ரெண்டடி பின்னால் போனாள்.

"சீ! பூஜை போட்ட சாமானை எச்சப் பண்ணிட்டானே! ஏம்ப்பா குருவி, வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிற? சீக்கிரம் அதைச் சுத்தமாத் துடை! நல்லாத் துடை!"

குருவி அதற்குத்தானே காத்திருந்தது! ஸ்பிரிட் துணியால் மூன்று தடவை அழுத்தித் துடைத்துச் சொருகியது. பச்சை விளக்கு எரிந்தது. நெட்டு வந்துவிட்டது.

மணி நாலு ஐம்பத்தைந்து. ஆபீஸ் கம்ப்யூட்டரில் மேலிடத்தின் பக்கம் திறந்தது. "முகத்தை நேராகக் காட்டவும்" என்று பெண் குரல் ஒன்று அதட்டியது. அவ்வளவுதான், வந்த வீரமெல்லாம் போய்ச் செதிலாண்டி சுருண்டுகொண்டது.

"பலாப்பழம் கண்டறியப்பட்டது" என்றது குரல். "மீண்டும் முயலவும்."

"டேய், முகத்தைக் காட்டுடா!" என்று எல்லாரும் கத்த, அது இன்னும் இறுக்கமாகச் சுருண்டது. நாலு ஐம்பத்தெட்டு. குருவி பாய்ந்து போய் ஒரு கொத்துக் கறையானைக் கொண்டுவந்து கேமராவுக்கு முன்னால் போட்டது. வாசனை போன மாத்திரத்தில் உருண்டை லேசாகப் பிரிந்தது. மூக்கு வந்தது. முகம் வந்தது. குங்குமத்தில் சிவந்த நாக்கு நீளமாக வெளியே வந்தது.

"எறும்புதின்னி. நிலை: இருக்கிறது. அங்க அடையாளம்: சிவப்பு நாக்கு. நன்றி."

செதிலாண்டி விக்கி விக்கி அழுதது. முள்ளம்பன்றி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டியது. பெரியநாயகி நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டாள். "பொட்டு வெக்காம விட்டிருந்தா நாக்கு செவந்திருக்குமா? அடையாளம் கெடைச்சிருக்குமா? அதான் எதையும் முறைப்படி செய்யணுங்கறது" என்றாள். 

கருங்குரங்கு அன்றைக்கே புது நடைமுறையை எழுதி ஆபீஸ் மரத்தில் ஒட்டியது. இனிமேல் காட்டில் எந்த லைன் கொடுத்தாலும் முதலில் முனையில் பொட்டு வைக்க வேண்டும். இரண்டாவது, நக்க வேண்டும். மூன்றாவது, துடைக்க வேண்டும். இரண்டாவது வேலைக்குச் செதிலாண்டி நிரந்தரமாக நியமிக்கப்படுகிறது. இப்போது அதற்குத் தனி மேஜை, காலையில் ஒரு கிண்ணம் கறையான், ஞாயிற்றுக்கிழமை லீவு.

நீதி: துடைத்துவிடுகிறேன் என்று கெஞ்சிக்கொண்டு நிற்காதே. எச்சில் பண்ணிவிடு. துடைக்கச் சொல்லி உத்தரவும் வரும், உனக்கு ஓர் உத்தியோகமும் வரும்.