வேணாம் பாய் கடையில் வாங்கிய குத்து

ஊர் சொல்லிச் சிரிக்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். அடி வாங்குவது நான்தான் என்பதே தெரியாமல் நான்கு நாள் அடி வாங்கியவன் நான். அதுவும் மேற்குத் தாம்பரம் மார்க்கெட் சந்தில், பால் பாக்கெட்டோடு போகிறவர்களெல்லாம் நின்று பார்க்க.

அடி வாங்கிய இடம் 'வேணாம் பாய்' கடை. பொருளை விற்காமலேயே கடை நடத்திய வியாபாரி தென்சென்னையிலேயே அவர் ஒருவர்தான். வீடியோ கேம் பெட்டி விற்பனை, ரிப்பேர் என்று போர்டு இருக்கும். எதைக் கேட்டாலும் முதல் வார்த்தை "வேணாம்." கூடுவாஞ்சேரியிலிருந்து ஒருவர் இரண்டாவது ஜாய்ஸ்டிக் கேட்டு வந்தார்.

"கூட ஆட வூட்ல யாரு கீறாங்க?"

"யாரும் இல்ல பாய்."

"அப்ப வேணாம். டீ சாப்ட்டுப் போங்க."

எல்லார் வீட்டிலும் மாப்பிள்ளை அமெரிக்கா போவார், பெண் விசாவுக்குக் காத்திருப்பாள். என் வீட்டில் மாறி நடந்தது. கல்யாணமான இரண்டாம் மாதமே சுமதி ஆபீஸ் வேலையாக நியூ ஜெர்சி போனாள். நான் சிட்லபாக்கத்தில் துணி காயப் போட்டேன். போனில் எங்கள் காதல் இப்படி வளர்ந்தது:

"சாப்டீங்களா?"

"சாப்டேன். நீ?"

"சாப்டேன்."

அப்புறம் காலிங் கார்டு தீரும்வரை இருவரும் மூச்சு விடுவோம். ஒரு நாள் அவள், "இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்றாங்க. என்ன சொல்லட்டும்?" என்றாள். பெருந்தன்மையின் சிகரத்தில் ஏறி நின்று, "உன் இஷ்டம்மா" என்றேன். அதற்கப்புறம் மூச்சுச் சத்தமும் குறைந்துவிட்டது.

சேர்ந்து விளையாடினாலாவது பேச்சு வரும் என்று, அவளுக்கு ஒரு பெட்டி வாங்கி அனுப்பலாமென பாயிடம் போனேன்.

"வேணாம். அங்க கரண்ட்டு வேற, டிவி வேற. அவங்க அங்கியே வாங்கிக்கட்டும். நீங்க காலைல இங்க வந்து ஆடுங்க, நெட்டு கீது." ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "ரெண்டு பேரும் சண்ட போடுவீங்களா?"

"சேச்சே. ஒரு தடவைகூட இல்ல பாய்."

"அதான் பேஜாரு. சவுதில, தம்மாம்ல இருந்தப்ப நானும் என் சம்சாரமும் போன்ல இப்டித்தான், சாப்டியா சாப்டியான்னே காலத்த ஓட்டினோம். சண்ட வந்தப்பறம்தான் எனக்கு ஊருக்குத் திரும்பணும்னே தோணிச்சு."

நான் பூந்தோட்டம் வளர்ப்பது போல ஏதாவது ஆட்டம் இருக்கிறதா என்றேன். "வேணாம்" என்று குத்துச்சண்டையைப் போட்டார். சுமதி அங்கே பெட்டி வாங்கியதும், போனிலேயே வயரெல்லாம் சொருக வைத்தார்.

"மஞ்ச மஞ்சள்ல, செவப்பு செவப்புல. பொடவைக்கு பிளவுஸ் மேட்ச் பாப்பியே தங்கச்சி, அதேதான்."

எனக்குக் காலை ஏழு, அவளுக்கு ராத்திரி. தலையில் ஹெட்போன், கையில் கன்ட்ரோலர். நான் குத்தக் குத்த எதிராளி சாய்ந்தான். மனைவி பாவம் என்று, "கவலப்படாதம்மா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று தேற்றினேன்.

சந்தில் ஒருவர் கேட்டார்: "யாரு பாய் இவரு?"

"புருசன். அமெரிக்காலருந்து சம்சாரம் ஆடுது."

"அப்ப சரி" என்று ஸ்டேஷனுக்கு நடந்தார்.

நான்காம் நாள் ஹெட்போன் வெடித்தது.

"எதுக்கெடுத்தாலும் உன் இஷ்டம், உன் இஷ்டம். இதுலயுமா விட்டுக்கொடுப்பீங்க? அடி வாங்கிட்டு எனக்கே ஆறுதல் வேற. நான் இங்கேயே இருந்துடறேன், உங்களுக்கும் நிம்மதி."

நான் விழித்தேன். தேற்ற வேண்டியவள் ஏன் திட்டுகிறாள்? பாய் திரையைப் பார்த்தார், என் விரல்களைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, பாய் பேசறேன். இவுரு விட்டெல்லாம் குடுக்கல. நாலு நாளா உன் ஆளத்தான் தன் ஆளுன்னு நெனச்சிக்கினு கீறாரு. வுழறவன்தான் இவுரு. பேரு மேலியே போட்டுக்கீது, படிக்கல. ஒண்ணுந் தெரியாத மன்சன்மா, மன்னிச்சுடு."

என்னைப் பற்றி இதுவரை யாரும் எழுதித் தராத நற்சான்றிதழ் அது. அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. கல்யாணமானதிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. பாய் ஹெட்போனை என்னிடம் நீட்டியபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். மெல்ல அடங்கி, "சரி, அந்த ஒரு வருஷத்துக்கு என்ன சொல்லட்டும்?" என்றாள்.

நான்கு நாள் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தேனே, தொற்றிக்கொள்ளாமலா போகும்?

"வேணாம்" என்றேன்.

வந்துவிட்டாள், பெட்டியையும் தூக்கிக்கொண்டு. அங்கத்திய பெட்டி இங்கே ஓட பாய்தான் ஏதோ மாற்றிக் கொடுத்தார். ஞாயிறுதோறும் வீட்டில் எனக்குக் குத்து விழுந்தது. நானும் மனிதன்தானே, ஆபீஸ் விட்டு வரும் வழியில் பாய் கடையில் ரகசியமாகப் பயிற்சி எடுத்தேன். ஒரு சாயங்காலம் பாயையே வீழ்த்திவிட்டேன்.

"பாய், இப்பதான் எனக்கு நல்லா ஆட வருதே. இந்த ஞாயித்துக்கிழம அவளை ஒரு தடவ ஜெயிச்சுக் காட்டிடட்டுமா?"

பிரித்துப் போட்ட பெட்டியிலிருந்து தலை நிமிராமலே சொன்னார்:

"வேணாம்."