இன்னுங்கொஞ்சக்காரரும் ஹைட்ரஜன் திருகும்

மனிதர்களில் இன்னுங்கொஞ்சக்காரர் என்று ஓர் இனம் உண்டு. சும்மா சுற்றும் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டி, நேராகத் தொங்கும் படத்தை இன்னும் நேராக்கி, கையெழுத்துப் போட்டு முடித்த கடிதத்தில் ஒரு வரி சேர்த்து, அதற்கப்புறமும் கை அரிக்கிறதே என்று சுற்றுமுற்றும் பார்ப்பவர். சமையல் முடிந்த கையோடு இவர் மனைவி உப்பு டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்.

எங்கள் லேசர் ஆய்வுக்கூடத்துக்கு இவர்தான் தலைவர். நான் பம்பு மெக்கானிக். பீங்கான் குழாயில் செம்புத் துண்டுகளைப் போட்டு, நியான் வாயு நிரப்பி, செம்பு ஆவியாகும் வரை சூடேற்றினால் பச்சையும் மஞ்சளுமாக ஒளி பாயும். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு ஹைட்ரஜன் கலந்தால் ஒளியின் வலு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அந்த ஒரு பங்கைப் பிடிக்க ஆராய்ச்சி மாணவி ஒருத்திக்கு நாலு வருஷம் ஆயிற்று. அவளுக்கு டாக்டர் பட்டம் உண்டா இல்லையா என்று சொல்ல வியாழக்கிழமை மூன்று பேர் குழு வருகிறது. புதன்கிழமை ஒத்திகை. மீட்டரில் முப்பத்தெட்டு வாட். பேசாமல் இருக்க வேண்டியதுதானே? இருப்பாரா?

"ஒரு பங்குக்கே இவ்வளவுன்னா, ரெண்டு பங்கு விட்டா எங்கியோ போயிடும்மா!"

"வேணாம் சார். கூடிப்போனா இறங்கிடும். நாலு வருஷமா அதைத்தானே சார் அளந்திருக்கேன்?"

"அட, கொஞ்சூண்டு!" என்று ஹைட்ரஜன் குழாயின் திருகில் கை வைத்தார்.

திருகினார். முப்பது. ஏறிவிடும் என்று இன்னும் திருகினார். பன்னிரண்டு.

"நியான்ல ஏதோ கோளாறு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அவள் வாயு முழுவதையும் உறிஞ்சி வெளியேற்றி, மறுபடி நிரப்பி, மறுபடி சூடேற்றினாள். நடுவில் கொஞ்சம் அழுதாள். அவரை நாலு வார்த்தை கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்கவில்லை. உண்மைத் திருகைக் கருவியின் பின்பக்கம் மாற்றிவிட்டு, பழைய சாமான் பெட்டியிலிருந்து ஒரு பித்தளைத் திருகை எடுத்து, முன்பக்கம் அவர் கைக்கு வாகாகப் பொருத்தி, 'ஹைட்ரஜன்' என்று சீட்டு ஒட்டினேன். அதற்குப் பின்னால் குழாய் கிடையாது. அவளுக்கு மட்டும் காட்டி வைத்தேன்.

வியாழக்கிழமை குழு வந்தது. முப்பத்தெட்டு. அவர் கை நீண்டது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "பாத்து சார், லேசா" என்றாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மயிரிழை அளவு திருகினார். முப்பத்தெட்டுதான்.

"லேசா ஆடப் பாத்துச்சு. பிடிச்சு நிறுத்திட்டேன். கைப்பக்குவம்ங்க!" என்றார் குழுவிடம்.

அவளுக்குப் பட்டம் கிடைத்தது. ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர் பெயரும் இருக்கிறது. அந்தத் திருகை இன்றைக்கும் தினம் காலையில் வந்து கால் சுற்றுச் சுற்றிவிட்டு, நிம்மதியாக அறைக்குப் போகிறார்.

சிரிக்கிறீர்கள். சரி, நீங்கள் சொல்லும் திருத்தத்துக்கெல்லாம் அலுவலகத்தில் உடனே "சரிங்க சார்" என்கிறார்களா? வீட்டில் எதிர்ப்பேச்சே இல்லாமல் கரண்டியை உங்கள் கையில் கொடுத்துவிட்டார்களா? எதற்கும் ஒருமுறை குனிந்து, உங்கள் திருகுக்குப் பின்னால் குழாய் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.