பெயர் சொல்ல மறந்த அறிமுகம் சார்

திண்டுக்கல்லில் அறிமுகம் சாரைத் தெரியாது என்று யாராவது சொன்னால், அவர் அந்த வருடங்களில் ஊரிலேயே இருந்திருக்க மாட்டார். பூட்டுக்கடைக்காரர், பால்காரர், கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர், மலைக்கோட்டைக்கு வழி கேட்ட வெளியூர்க்காரர் என்று எல்லோரிடமும் தன்னைப் பற்றி முழுதாகச் சொல்லியிருப்பார். குணம், பொழுதுபோக்கு, தொழில் என்று மூன்று பாகம். நடுவில் யாராவது குறுக்கிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். இவ்வளவும் சொல்கிறவர் பெயரை மட்டும் சொல்ல மறந்துவிடுவார். அதனால் ஊரே அவருக்கு ஒரு பெயரை வைத்துவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு பூட்டுக்கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நான் பாடம் நடத்தச் சேர்ந்தேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏசி கம்ப்யூட்டருக்காக ஓடியது. அதன் புண்ணியத்தில் எங்களுக்கும் கொஞ்சம் காற்று. முதல் நாள் உள்ளே நுழைந்ததுமே மூலையில் இருந்து ஒல்லியாக ஒருவர் எழுந்தார்.

"வணக்கமுங்க. என்ற குணம் வந்துங்க, பொறுமை. கோபம் வருமுங்க, ஆனா மறுநாள்தான் வரும். பொழுதுபோக்கு, கெணத்துல மெதக்கறதுங்க. நீச்சல் இல்லீங்க, மெதக்கறது மட்டும். தொழில், சாப்ட்வேர் டெவலப்பருங்க."

"உங்க பேரு?" என்றேன்.

"அதையும் சொல்லோணுமுங்களா?" என்று யோசிக்க ஆரம்பித்தார். அதற்குள் கரண்ட் போனது. "சித்த பொறுங்க, சித்த பொறுங்க" என்று கெஞ்சிக்கொண்டே கம்ப்யூட்டரிடம் ஓடினார். ஒரு மிஷினுக்கு 'ங்க' போட்டுப் பேசுகிற மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

அவர் பழனிப் பக்கம் நெய்க்காரப்பட்டிக்காரர். அப்பா சீக்கிரமே போய்விட, அம்மா தென்னையையும் மாட்டையும் வைத்துக்கொண்டு ஒற்றைப் பிள்ளையைப் படிக்க வைத்தார். படிப்பு முடிந்ததும் சென்னையில் ஒரு இன்டர்வியூ. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். இவருக்கு வாயே திறக்கவில்லை. தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள். தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி சும்மா உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தவர், இனி எவன் கேட்டாலும் தடுமாறக் கூடாது என்று தீர்மானித்தார். அது நல்ல தீர்மானம்தான். ஆனால் எவனும் கேட்காதபோதும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஒரு முறை அகரத்தில் ஒரு கடைக்கு பிரிண்டர் பழுது பார்க்க இருவரும் டவுன் பஸ்ஸில் போனோம். கண்டக்டர் வந்து, "யாருப்பா, எங்க?" என்றார். 'யாருப்பா' என்ற வார்த்தை போதாதா? இவர் தொடங்கிவிட்டார். கிணற்றில் மிதப்பது வரை கேட்ட கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"ஏ அப்பு, ஒன் சாதகத்தையா கேட்டேன்? எங்க எறங்குவேன்னு கேட்டேன்!"

"அகரமுங்க."

"அது அப்பயே போயிருச்சு. எறங்கு, எறங்கு!"

வெயிலில் நடந்து திரும்பினோம். வழியில் தொழில் பாகத்தை என்னிடம் சொல்லி முடித்தார். பாதியில் விட்டால் அவருக்குத் தலை வலிக்குமாம்.

பிரியாணிக் கடைக்கு பில் போட சாப்ட்வேர் எழுதிக் கொடுத்த கதைதான் ஊரில் அதிகம் பேசப்பட்டது. பில் போடக் கீபோர்டைத் தட்டினால் முதலில் திரையில் எழுதியவருடைய குணம் வரும். இன்னொரு தட்டு தட்டினால் பொழுதுபோக்கு. அப்புறம் தொழில். அதெல்லாம் முடிந்த பிறகுதான் பிரியாணி. ஞாயிற்றுக்கிழமை மதியம் வரிசை தெரு முனைவரை நீண்டது. முதலாளி ஆள் விட்டு இவரை வரவழைத்தார்.

"ஏலே, அம்புட்டுப் பேரும் பசியோட நிக்கிறான். நீ கெணத்துல மெதந்தா அவனுக்கென்ன, முங்குனா அவனுக்கென்ன?"

சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டு, திருத்திக் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் கடை திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றார். முகம் சிவந்திருந்தது.

"நேத்து நீங்க பேசுனதுக்கு இப்பத்தானுங்க கோபம் வந்துச்சு."

"வந்துருச்சுல்ல? திட்டு."

திட்டத்தான் பார்த்தார். 'ங்க' போட்டுக்கொண்டே திட்டினால் எவ்வளவு தூரம் போக முடியும்? முதலாளி வயிறு குலுங்கச் சிரித்து, "உக்காரு, சாப்ட்டுட்டு மிச்சத்தத் திட்டு" என்று இலையைப் போட்டார்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு பெங்களூரில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கேயும் அதே கேள்விதானாம். "பட்டுனு சொல்லிப்போட்டனுங்க சார். கெணத்துல மெதக்கறதச் சொன்னதும் எந்திரிச்சுக் கை குடுத்துட்டாங்க" என்றார். ரயிலேற்றிவிட முதலாளி பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தார். நெய்க்காரப்பட்டியிலிருந்து அம்மா வந்திருந்தார். "தலைக்கு எண்ணெ வெச்சுக்கோ கண்ணு, வயித்துக்கு ஒழுங்காத் தின்னு" என்று ஜன்னலைப் பிடித்துக்கொண்டு வண்டியோடு கொஞ்ச தூரம் நடந்தார். அன்றைக்கு அம்மாவுக்கு மகனை நன்றாக அடையாளம் தெரிந்தது.

இரண்டு வருடம்கூட ஆகியிருக்காது. வீட்டுக்கு வழி மறந்துபோய் அம்மா பழனி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்ததாக ஊரிலிருந்து அவருக்கு போன் போயிருக்கிறது. வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். சென்டரில் பழைய நாற்காலியே கிடைத்தது. பக்கத்துத் தெருவில் வீடு பிடித்து அம்மாவை அழைத்து வந்தார். இவர் வேலைக்கு வந்த நேரத்தில் அடுத்த வீட்டு மேரி அக்கா பார்த்துக்கொண்டார்.

ஒரு காலை, அவரைக் கூட்டிப்போக வீட்டுக்குப் போனேன். அம்மா கட்டிலில் இருந்தார். எதிரே இட்லித் தட்டோடு மகன் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க யாருங்க தம்பி?" என்றார் அம்மா.

"வணக்கமுங்கம்மா. என்ற குணம் வந்துங்க, பொறுமை..."

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஒன்றையும் விடாமல் மூன்று பாகத்தையும் சொல்லி முடித்தார். அம்மாவின் முகம் மலர்ந்தது.

"என்ற பையனும் கம்ப்யூட்டர்தானுங்க. பெங்களூர் போனவன் வரவே இல்லீங்க. உங்களாட்டப் பொறுமையெல்லாம் அவனுக்குக் கெடையாது. கெணத்துப் பக்கம் போகாதடான்னா கேக்க மாட்டான். நீங்க எங்காச்சும் பாத்தா, அம்மா ஒண்ணும் கோவிச்சுக்கல, ஒருக்கா வந்துட்டுப் போகச் சொல்லுங்க தம்பி."

"சொல்றனுங்கம்மா. ஒரு வாய் வாங்கிக்கோங்க."

வெளியே வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "நாந்தாம்மா உன் மகன்னு சொல்ல வேண்டியதுதான சார்?"

"சொல்லிப் பாத்தனுங்க. 'பொய் சொல்றான், என்ற பையன என்ன பண்ணுனான்'னு கத்தி அழுதுட்டாங்க. மகன்னு சொன்னா பயப்படறாங்க சார். சாப்ட்வேர்காரன்னு சொன்னா ரெண்டு இட்லி திங்கறாங்க."

இதைச் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். காலையிலும் மாலையிலும் அந்த வீட்டில் இதே பேச்சு நடந்தது. வெளியே மட்டும் அந்த அறிமுகம் அடியோடு நின்றுபோனது. பஸ்ஸில் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லி டிக்கெட் வாங்கினார். புதிதாக வந்தவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டினார். "அவன் சரியில்லப்பா, என்னன்னு பாரு" என்று பிரியாணிக் கடை முதலாளி என் காதில் சொன்னார். கேலி செய்தவர்களுக்கெல்லாம் அந்த அமைதி கஷ்டமாக இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்த அம்மா எழுந்திருக்கவில்லை. நெய்க்காரப்பட்டிக்குக் கொண்டுபோய்த் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள். அறிமுகம் சார் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார், தண்ணீர் மொண்டு கொடுத்தார். "கல்லாட்டம் நிக்கறான் பாரு" என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

எல்லோரும் கலைந்த பிறகு மேரி அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். காய்ச்சல்ல கெடந்தப்ப ஒங்கம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டாக. 'என்ற பையன் வராட்டிப் போகுதுங்க, இந்தத் தம்பி இருக்குது. யாரு பெத்த புள்ளையோ, பெத்தவ நல்லா இருக்கோணுமுங்க'ன்னாக."

அறிமுகம் சார் அவரையே பார்த்தார். "அப்படிங்களாக்கா சொன்னாங்க?"

"அப்படியேதாம்ப்பா சொன்னாக."

தென்னையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்து அமுக்கினார். அதையும் மீறி வந்த சத்தத்தில் மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ரோட்டில் திண்டுக்கல் பஸ் வந்து ஹாரன் அடித்தது. மேரி அக்கா எழுந்து என்னைப் பார்த்தார்.

"நீங்க போங்கக்கா, நான் பெறகு வாரேன்" என்றேன்.

அவர் அதன் பிறகு திண்டுக்கல்லுக்குத் திரும்பவில்லை. தோட்டத்து வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்துக் கடைகளுக்கு பில் சாப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்கு நெய்க்காரப்பட்டியில் சொந்தமும் இல்லை, வேலையும் இல்லை. ஆனாலும் அடிக்கடி போகிறேன். அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். கிளம்பும்போது மட்டும், "இருந்துட்டுப் போலாமுங்களே" என்பார்.

இருந்துவிட்டுத்தான் வருகிறேன்.